தேடியதும் கிடைக்கட்டும்! குடியிருப்புத் தகவல்களைத் தொகுத்து வைக்க 22 குறிப்புகள்

"ப்ளம்பர் நம்பர் யாரிடமாவது இருக்கா?" அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒருமுறையாவது இந்தக் கேள்வி வந்துவிடும். போன வாரம் பதில் சொன்னவரே இந்த வாரமும் சொல்வார். அவர் ஊரில் இல்லையென்றால் கேட்டவர் காத்திருக்க வேண்டியதுதான். வால்வு எங்கே இருக்கிறது, வீடு மாற்றும்போது யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், பராமரிப்புக் கட்டணத்தை எந்தக் கணக்கில் கட்ட வேண்டும் என்பதெல்லாம் ஓரிருவர் நினைவில் மட்டுமே இருக்கும். அவர்கள் வீட்டை விற்றுக்கொண்டு போனால் அந்தத் தகவலும் கூடவே போய்விடும்.

இதற்கு நல்ல தீர்வு, சங்க உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து பயன்படுத்தும் குழு மென்பொருளில் ஒரு தகவல் களஞ்சியம் அமைப்பது. 2013-ல் வெளிவந்த டிஸ்கோர்ஸ் அப்படிப்பட்ட ஒன்று. திறந்த மூல மென்பொருள் என்பதால் உரிமக் கட்டணம் கிடையாது. சர்வர் செலவு மட்டும் இருக்கும். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் குறிப்புகள் பொருந்தும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: நாம் ஒவ்வொரு பக்கத்திலும் ஒட்டிவைக்கும் டேக்குகளை (குறிச்சொற்களை) பார்த்துத்தான் ஃபில்டர் (வடிகட்டும் வசதி) பக்கங்களை எடுத்துத் தருகிறது. அதில் காட்டும் அக்கறைதான், இரவு இரண்டு மணிக்குக் குழாய் உடைந்தவருக்கு உதவப்போகிறது.

தொடங்கும் முன்

1. கேள்விகளைச் சேகரியுங்கள். வாட்ஸ்அப்பில் 'எக்ஸ்போர்ட் சாட்' மூலம் குழுவின் பழைய உரையாடலை ஒரே கோப்பாக எடுக்கலாம். கடந்த ஆறு மாதப் பேச்சைப் படித்து, அதில் வந்த கேள்விகளை மட்டும் நோட்டில் எழுதுங்கள். மூன்று முறைக்கு மேல் வந்த கேள்வி ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் தேவை. சங்கத்தின் விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தால் யாரும் கேட்காத பக்கங்கள்தான் சேரும். வேலை முடிந்ததும் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள். அதில் எல்லோருடைய சொந்தப் பேச்சும் இருக்கிறது.

2. அன்றாடச் செய்தியைத் தனியே வையுங்கள். "இன்று 11 மணி முதல் 1 மணி வரை தண்ணீர் வராது" என்பது நாளைக்குப் பயன்படாது. அது வாட்ஸ்அப்பிலேயே இருக்கட்டும். "சம்ப் சுத்தம் செய்யும் நாளில் வீட்டில் என்ன செய்ய வேண்டும்" என்பது அடுத்த ஆண்டும் தேவைப்படும். அதுதான் களஞ்சியத்துக்கு. இரண்டும் கலந்தால், ஃபில்டர் செய்தாலும் பழைய அறிவிப்புகளே வந்து நிற்கும்.

3. பிரிவுகளை ஐந்துக்குள் அடக்குங்கள். டிஸ்கோர்ஸில் ஒரு பக்கம் ஒரே ஒரு பிரிவில்தான் இருக்க முடியும். டேக்குகள் பல இருக்கலாம். ஆகவே 'எப்படிச் செய்வது', 'விதிகளும் கட்டணமும்', 'தொடர்பு எண்கள்', 'கூட்டக் குறிப்புகள்', 'கமிட்டி ஆவணங்கள்' என்று பெரிய பிரிவுகள் மட்டும் போதும். தண்ணீர், லிஃப்ட், பார்க்கிங் போன்றவற்றை டேக்காக வையுங்கள். தண்ணீர்க் கட்டணம் பற்றிய பக்கம் தண்ணீரிலா, கட்டணத்திலா என்ற குழப்பமே அப்போது எழாது.

டேக் போடும் முறை

4. ரங்கநாதன் வழியைப் பின்பற்றுங்கள். சீர்காழியில் 1892-ல் பிறந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானவர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1933-ல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில், ஒரு நூலை ஒரே தலைப்பின்கீழ் அடைக்காமல் ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்று ஐந்து முகங்களில் பிரித்துப் பார்த்தார். இணையக் கடையில் புடவை தேடும்போது துணி, நிறம், விலை என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துப் பட்டியலைச் சுருக்குகிறோமே, அதன் பின்னால் இருப்பதும் இதே சிந்தனைதான்.

நம் குடியிருப்புக்கு இதை இப்படி அமைக்கலாம்:

பொருள்: தண்ணீர், மின்சாரம், லிஃப்ட், குப்பை, பார்க்கிங், கணக்கு.
செயல்: அவசரம், பழுது, சுத்தம், கட்டணம், அனுமதி, குடிவருதல், வாடகை.
இடம்: ஏ பிளாக், பி பிளாக், பேஸ்மென்ட், மொட்டைமாடி, எல்லா பிளாக்கும்.
காலம்: மழைக்காலம், கோடை, பண்டிகை.
யாருக்கு: உரிமையாளர், வாடகைதாரர், எல்லோருக்கும்.

பி பிளாக் மேல்நிலைத் தொட்டியைக் கழுவும் முறை பற்றிய பக்கம் என்றால் தண்ணீர், சுத்தம், பி பிளாக், எல்லோருக்கும் என்று நான்கு டேக்குகள் வரும். தண்ணீர் என்று தேடுபவருக்கும் அது கிடைக்கும். பி பிளாக் என்று தேடுபவருக்கும் கிடைக்கும்.

5. கட்டாயம் எது என்று முடிவு செய்யுங்கள். பொருள், இடம், யாருக்கு ஆகிய மூன்றும் எல்லாப் பக்கத்திலும் இருக்க வேண்டும். செயலும் காலமும் பொருந்தினால் போடலாம். டிஸ்கோர்ஸில் டேக்குகளைக் குழுக்களாகக் கட்டி, 'இந்தக் குழுவிலிருந்து ஒன்று மட்டும்' என்று வரம்பு வைக்கலாம். குறிப்பிட்ட பிரிவில் பதிவிடுபவர் இந்தக் குழுவிலிருந்து டேக் போட்டே ஆகவேண்டும் என்றும் அமைக்கலாம். மறதிக்கு இடமிருக்காது.

6. புதிய டேக் உருவாக்கும் உரிமையை இரண்டு மூன்று பேரோடு நிறுத்துங்கள். எல்லோருக்கும் கொடுத்தால் ப்ளம்பர், பிளம்பர், ப்ளம்பிங், குழாய் வேலை என்று ஒரே விஷயம் நான்காகச் சிதறிவிடும். ப்ளம்பர் என்று ஃபில்டர் செய்பவருக்கு மற்ற மூன்று டேக்குகளில் இருக்கும் பக்கங்கள் கண்ணில் படவே படாது.

7. மாற்றுச் சொற்களை இணைத்துவிடுங்கள். ஒருவர் ஈபி என்பார், இன்னொருவர் கரண்ட் என்பார், வேறொருவர் மின்வாரியம் என்பார். 'மின்சாரம்' என்பதை முதன்மை டேக்காக வைத்து மற்றவற்றை அதன் மாற்றுச் சொற்களாக அமைக்கும் வசதி டிஸ்கோர்ஸில் உண்டு. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துத் தேடுபவர்களும் நம்மிடையே அதிகம். அவர்களுக்காகப் பக்கத்தின் அடியில் 'தேடும் சொற்கள்' என்று ஒரு வரி எழுதி, மக்கள் அடிக்கும் எழுத்துக்கூட்டல்களையெல்லாம் அதில் போட்டுவிடுங்கள்.

8. பயன்படாத டேக்கை நீக்குங்கள். ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும் டேக் எதையும் தொகுத்துத் தராது. அதேபோல எல்லாப் பக்கத்திலும் 'குடியிருப்பு' என்று டேக் போட்டால் அது எதையும் வடிகட்டாது.

பக்கம் எழுதும் முறை

9. ஒரு பக்கத்தில் ஒரு வேலை மட்டும். 'தண்ணீர் சம்பந்தமான அனைத்தும்' என்று நீளமாக ஒரே பக்கம் எழுதினால் அதற்குப் பொருத்தமான டேக்கே போட முடியாது. வால்வு மூடுவது, லாரித் தண்ணீர் ஆர்டர் செய்வது, மீட்டர் ரீடிங் எடுப்பது என்று தனித்தனியாகப் பிரியுங்கள்.

10. தலைப்பு, கேட்பவர் வாயிலிருந்து வரும் சொல்லாகவே இருக்கட்டும். 'மின்தூக்கிப் பாதுகாப்பு வழிமுறைகள்' என்று வைத்தால் பதற்றத்தில் தேடுபவருக்கு அது தோன்றாது. 'லிஃப்டில் மாட்டிக்கொண்டால்' என்று வையுங்கள்.

11. பதிலை முதலில் சொல்லுங்கள். விளக்கமும் வரலாறும் பிறகு வரலாம். மாதிரிக்கு ஒரு பக்கம்:

லிஃப்டில் மாட்டிக்கொண்டால்
அலாரம் பட்டனை அழுத்துங்கள். கேட்டில் இருக்கும் செக்யூரிட்டிக்குக் கேட்கும்.
கதவைக் கையால் பிரிக்கவோ, இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கும்போது வெளியே குதிக்கவோ கூடாது.
பராமரிப்பு நிறுவனத்தின் எண் பட்டன் பலகைக்கு மேல் ஒட்டப்பட்டிருக்கிறது.
யாருக்காவது மயக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தால் உடனே 112.
டேக்: லிஃப்ட், அவசரம், எல்லா பிளாக்கும், எல்லோருக்கும்.
தேடும் சொற்கள்: லிப்ட், எலிவேட்டர், மின்தூக்கி, நின்றுவிட்டது, சிக்கிக்கொண்டால்.
சரிபார்த்தது: மாதம், ஆண்டு. பொறுப்பு: லிஃப்ட் கவனிக்கும் கமிட்டி உறுப்பினர்.

கடைசி வரியில் ஆள் பெயரைப் போடாமல் பொறுப்பை மட்டும் குறிப்பிட்டிருப்பதைக் கவனியுங்கள். கமிட்டி மாறினாலும் அந்த வரி செல்லும்.

12. படத்தில் இருக்கும் எழுத்தைத் தட்டச்சும் செய்யுங்கள். கையெழுத்திட்ட சுற்றறிக்கையைப் போட்டோ எடுத்து ஏற்றிவிட்டால், பெரும்பாலான மென்பொருள்களில் அதிலுள்ள சொற்கள் தேடலில் வராது. முக்கியமான வரிகளைக் கீழே எழுதிவிட்டுப் படத்தை இணையுங்கள். வால்வு, மெயின் ஸ்விட்ச் போன்றவற்றுக்கு மட்டும் படம் மிக அவசியம். அம்புக்குறி போட்டு எது எந்த வீட்டுக்கு என்று காட்டுங்கள்.

தொகுப்பு அமைக்கும் முறை

13. தேவையை நினைத்துத் தொகுப்புக்குப் பெயர் வையுங்கள். டேக் சேர்க்கையைத் தேர்ந்தெடுத்து ஃபில்டர் செய்ததும் கிடைக்கும் பட்டியலுக்கு ஒரு தனி முகவரி உண்டு. அந்த லிங்கைப் பெயரோடு ஓரப்பட்டையில் சேர்த்துவிட்டால் அதுதான் தொகுப்பு. உறுப்பினர்கள் டேக் எதையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, தொட்டால் போதும். முதலில் இந்த நான்கையும் அமைக்கலாம்:

உடனடி உதவி: 'அவசரம்' டேக் உள்ள பக்கங்கள். சமையல் எரிவாயு கசிந்தால் 1906, மின்தடைக்கு மின்னகம் 94987 94987, சென்னை மாநகராட்சிப் புகார்களுக்கு 1913 ஆகியவை இதில் முதலில் வரட்டும்.
புதிதாகக் குடிவந்தவர்களுக்கு: 'குடிவருதல்' டேக். சாமான் ஏற்றும் நேரம், பார்க்கிங் ஸ்டிக்கர், குப்பை பிரிக்கும் முறை, கட்டணத் தேதி.
வாடகைக்கு விடுபவர்களுக்கு: 'உரிமையாளர்', 'வாடகை' இரண்டும் உள்ள பக்கங்கள். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யும் முறையும் இதில் இருக்க வேண்டும்.
மழைக்காலம்: இதைப் பற்றிக் கீழே தனியாக.

14. பக்கத்தைப் பிரதி எடுக்காதீர்கள். பார்க்கிங் ஸ்டிக்கர் பக்கம் புதியவர் தொகுப்பிலும் வேண்டும், உரிமையாளர் தொகுப்பிலும் வேண்டும் என்று இரண்டாக எழுதினால், கட்டணம் மாறும்போது ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை விட்டுவிடுவோம். பக்கம் ஒன்றே இருக்கட்டும். ஃபில்டர் அதை இரண்டு இடத்திலும் காட்டும்.

15. 'இரண்டும்', 'ஏதாவது ஒன்று' என்ற வேறுபாட்டைக் கவனியுங்கள். தண்ணீர், பி பிளாக் என்று இரண்டு டேக்குகளைத் தேர்ந்தெடுத்தால், இரண்டும் உள்ள பக்கங்களா, ஒன்று மட்டும் இருந்தாலும் போதுமா என்பது அமைப்பைப் பொறுத்தது. இதில் பலரும் கவனிக்காத ஓர் ஓட்டை இருக்கிறது. பி பிளாக் என்று மட்டும் வடிகட்டினால், எல்லா பிளாக்குக்கும் பொதுவான பக்கங்கள் விடுபட்டுப்போகும். பொதுவான வால்வு மூடும் முறையே பி பிளாக்காரருக்குத் தெரியாமல் போகலாம். ஆகவே பி பிளாக் தொகுப்பில் 'பி பிளாக் அல்லது எல்லா பிளாக்கும்' என்று நிபந்தனை வையுங்கள். மென்பொருள் அதற்கு இடம் தராவிட்டால் இரண்டு லிங்குகளையும் அடுத்தடுத்து வைத்துவிடுங்கள்.

16. பழையதை அழிக்காமல் ஒதுக்குங்கள். பழைய கட்டண விவரம் என்றாவது கணக்குக்குத் தேவைப்படும். அதற்குப் 'பழையது' என்று டேக் போட்டு, எல்லாத் தொகுப்பிலும் அந்த டேக் உள்ளவை வராதபடி விலக்குங்கள். பழைய பக்கத்தின் முதல் வரியில் புதிய பக்கத்தின் லிங்கைத் தாருங்கள்.

17. மழைக்காலத் தொகுப்பைச் செப்டம்பரிலேயே தயார் செய்யுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. பேஸ்மென்ட் வடிகாலையும் தண்ணீர் இறைக்கும் மோட்டாரையும் சோதிப்பது, வண்டிகளை எங்கே மாற்றி நிறுத்துவது, மின்பலகை அறையில் மின்சாரத்தை யார் அணைப்பது, வெள்ள நீர் சம்ப்பில் கலந்தால் என்ன செய்வது, படுக்கையில் இருக்கும் முதியோரை யார் கவனிப்பது என்று ஒவ்வொன்றும் ஒரு பக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. செல்போன் இணைப்பும் சரியாக இல்லை. ஆகவே இந்தத் தொகுப்பையும் 'உடனடி உதவி' தொகுப்பையும் அச்செடுத்து, செக்யூரிட்டி அறையில் ஒன்றும் பிளாக்குக்கு ஒன்றும் கட்டாயம் வையுங்கள்.

யார் பார்க்கலாம்?

18. ஃபில்டரைப் பூட்டு என்று நம்பாதீர்கள். தொகுப்பில் காட்டாமல் விட்டுவிட்டால் ஒரு பக்கம் மறைந்துவிடாது. தேடல் பெட்டியில் சரியான சொல்லை அடித்தால் வந்து நிற்கும். மறைக்க வேண்டியதைப் பிரிவின் அனுமதி அமைப்பில்தான் மறைக்க வேண்டும். கமிட்டி ஆவணங்கள் கமிட்டிக்கு மட்டும், கூட்டக் குறிப்புகள் உறுப்பினர்களுக்கு மட்டும் என்று பிரிவு வாரியாக முடிவு செய்யுங்கள். பிறகு சாதாரண உறுப்பினர் கணக்கில் நுழைந்தும், கணக்கே இல்லாமலும் பார்த்துச் சோதியுங்கள். நிர்வாகிக் கணக்கில் பார்த்தால் எல்லாமே தெரியும்; அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

19. சிலவற்றை ஏற்றவே வேண்டாம். ஆதார் நகல், வாடகைதாரரின் குடும்ப விவரம், பூட்டிக் கிடக்கும் வீடுகளின் பட்டியல், சிசிடிவி பதிவு ஆகியவை களஞ்சியத்தில் இருக்கக் கூடாது. தனிநபர் விவரங்களைப் பாதுகாக்க 2023-லேயே சட்டம் வந்துவிட்டது. ப்ளம்பர், எலக்ட்ரீஷியன், வீட்டு வேலை செய்பவர்களின் எண்ணைப் போடும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்த நேரத்தில் அழைக்கலாம் என்பதையும் கேட்டு எழுதுங்கள். அவர்களுக்கும் குடும்பமும் ஓய்வும் உண்டு.

பராமரிப்பு

20. கண்ணில் படும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். 'உடனடி உதவி' தொகுப்பின் க்யூஆர் கோடை லிஃப்டுக்குள்ளும் கேட்டிலும் ஒட்டுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை அதிகபட்சம் 30 நாள் பின் செய்துவைக்கலாம். மாதம்தோறும் களஞ்சிய லிங்கைப் பின் செய்யுங்கள். யாராவது கேள்வி கேட்டால் "அதில் போய்ப் பாருங்கள்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லாமல், ஒரு வரியில் பதிலைச் சொல்லி அதற்குரிய லிங்கையும் அனுப்புங்கள். அடுத்த முறை அவரே தேடிக்கொள்வார்.

21. தேடிக் கிடைக்காததைக் கவனியுங்கள். உறுப்பினர்கள் எந்தச் சொல்லை அடித்துத் தேடினார்கள் என்ற பதிவு டிஸ்கோர்ஸின் நிர்வாகப் பகுதியில் இருக்கும். 'கொசு மருந்து' என்று பலர் தேடியிருந்து அப்படி ஒரு பக்கமே இல்லையென்றால், அடுத்து எழுத வேண்டியது அதுதான். பக்கம் இருந்தும் யாரும் திறக்கவில்லையென்றால் தலைப்பையும் டேக்கையும் திருத்துங்கள். அண்மையில் குடிவந்தவர் ஒருவரையும், செல்போன் அதிகம் பழகாத பெரியவர் ஒருவரையும் உட்காரவைத்து, "கேஸ் வாசனை வருகிறது, என்ன செய்வீர்கள்? தேடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். அவர்கள் எங்கே தயங்குகிறார்களோ அங்கேதான் வேலை இருக்கிறது.

22. ஒப்படைக்கும் நாளை நினைத்து வேலை செய்யுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சரிபார்த்த தேதி பழையதாக இருக்கும் பக்கங்களை எடுத்து, எண்களை ஒருமுறை அழைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒருவரே செய்ய வேண்டாம். தண்ணீர் கவனிப்பவர் தண்ணீர்ப் பக்கங்களைப் பார்க்கட்டும், பொருளாளர் கட்டணப் பக்கங்களைப் பார்க்கட்டும். நிர்வாகிக் கணக்கு எப்போதும் இருவரிடம் இருக்க வேண்டும். மாதம் ஒரு பேக்கப் எடுத்து வேறொரு இடத்திலும் வையுங்கள். ஆண்டுப் பொதுக்குழுவில் கணக்குப் புத்தகத்தை ஒப்படைப்பதுபோலவே, டேக் பட்டியலையும் தொகுப்புகளின் நிபந்தனைகளையும் ஒரே தாளில் எழுதிப் புதிய கமிட்டியிடம் கொடுங்கள். எந்த டேக் எதற்கு என்று தெரியாமல் புதியவர்கள் வேறு விதமாகப் போட ஆரம்பித்தால், ஓராண்டு உழைப்பு சில வாரங்களில் குலைந்துவிடும்.

முழுக் களஞ்சியமும் தயாரான பிறகு திறக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் நோட்டில் எழுதிய கேள்விகளில் அடிக்கடி வந்த பத்தை எடுத்து, பத்துப் பக்கம் எழுதி, டேக் போட்டு, 'உடனடி உதவி' தொகுப்பை மட்டும் இந்த மாதமே திறந்துவிடுங்கள். அதைப் பயன்படுத்துபவர்களே அடுத்த பக்கம் என்ன வேண்டும் என்று சொல்வார்கள். அப்படிச் சொல்பவரையே எழுதவும் சொல்லுங்கள். டேக்கை மட்டும் நீங்கள் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.